கிறித்தவக் கம்பர் கிருஷ்ண பிள்ளை

திருநெல்வேலிச் சீமை தமிழுக்கு ஈந்த புலவர் பலர். அவர்களுள் ஒருவர், பொருநை பாயும் அந்நாட்டில் கரையிருப்பு என்னும் சிற்றூரில் 1827-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் பிறந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை ஆவார். தந்தையார் சங்கர நாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மையார். வைணவ வேளாளர் குடும்பம். தந்தையார் கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். ஆகவே பிள்ளைப் பருவத்திலேயே கம்பன் கவி அவர் செவியில் விழுந்தது. பிற்காலத்தில் தமிழுலகம் அவரைக் கிறித்தவக் கம்பர் என்று போற்றியதற்கு வித்து அந்த வீட்டிலேயே ஊன்றப்பட்டுவிட்டது எனலாம்.

எங்களுக்கு அவரை அறிமுகம் செய்து வைத்தது பாடப்புத்தகம். அதுவும் எங்கள் புத்தகமன்று. 2019-இல் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் அவருடைய இரட்சணிய யாத்திரிகத்திலிருந்து சில பாடல்கள் உள்ளன. விடுதியில் அக்கா ஒருவர் மாலைப் படிப்பு நேரத்தில் அதை உரக்கப் படித்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். சேசுநாதர் கட்டுண்டு நிற்கும் இடம் அது. எங்கள் கணக்கை விட்டுவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கிருஷ்ண பிள்ளை கத்தோலிக்கர் அல்லர். ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தவர். நம் பள்ளி மலரில் அவரைப் பற்றி எழுதலாமா என்று எங்களுக்கு ஐயம் எழுந்தது உண்மை. ஆயினும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ஆம் ஆண்டிலேயே கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றி ஓர் ஏடு வெளியிட்டு, பிரிந்திருக்கும் சகோதரர்களிடம் விளங்கும் நன்மைகளை மதிக்கும்படி நமக்குக் கற்பித்துள்ளது. மேலும் எங்களுக்குள் நெடுநாளாக ஒரு கேள்வி இருந்தது. அதற்கு விடை தேடும்போதுதான் இவர் வாழ்க்கை எங்கள் கையில் அகப்பட்டது.

கேள்வி இதுதான். மாதந்தோறும் முதல் வெள்ளிக்கு முன்னால் நாங்கள் பாவசங்கீர்த்தனத்திற்கு வரிசையில் நிற்கிறோம். அம்மாவுக்குக் கீழ்ப்படியவில்லை, பொய் சொன்னேன், தங்கையோடு சண்டையிட்டேன், செபத்தில் பராக்குக்கு இடம் கொடுத்தேன். சென்ற மாதமும் இவையே. அதற்கு முந்திய மாதமும் இவையே. வாய்ப்பாடு ஒப்பிப்பது போல் ஒப்பித்துவிட்டு, மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லிவிட்டு, விளையாடப் போய்விடுகிறோம். பெரிய வெள்ளியன்று பாடுபட்ட சுரூபத்தை முத்தி செய்யும்போது மட்டும் மனம் எங்களைக் கேட்கும்: இவ்வளவு சிறிய பாவங்களுக்கா இவ்வளவு பெரிய பாடு? கடன் சிறியதாயிருந்தால் நன்றி எப்படிப் பெரியதாகும்? லூக்கா நற்செய்தி 7-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்ன இரண்டு கடன்காரர் உவமையை நாம் அறிவோம். ஐந்நூறு தெனாரியம் மன்னிக்கப்பட்டவன் மிகுதியாக அன்பு செய்கிறான்; ஐம்பது மன்னிக்கப்பட்டவன் கொஞ்சமாகவே செய்கிறான். அப்படியானால் நல்ல பிள்ளையாய் வளர்ந்தவர்களுக்கு நன்றி என்பது அரைகுறைதானா?

புனித அகுஸ்தினாரை எடுத்துக்கொண்டால் விடை எளிது என்று முதலில் எண்ணினோம். அவர் இளமையில் வழி தவறியவர். 387-இல் திருமுழுக்குப் பெற்றுப் பின்னர் ஆயரானவர். ஆனால் அவர் தம் நூலில் மிகவும் வருந்தி எழுதியுள்ள பாவங்களுள் ஒன்று, சிறுவனாயிருந்தபோது தோழர்களுடன் சேர்ந்து பக்கத்துத் தோட்டத்தில் பேரிக்காய் திருடியது! மாங்காய் பறித்த நாங்கள் அதைப் படித்துச் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றது. காய் திருடியதற்காக அவர் அழவில்லை. பசியில்லாமல், தேவையில்லாமல், தவறு என்று தெரிந்தே அதில் இன்பம் கண்டதற்காக அழுகிறார். எனவே பாவத்தின் அளவு வேறு, பாவத்தை அறிந்த அளவு வேறு போலும். இந்த இடத்தில்தான் கிருஷ்ண பிள்ளை எங்களுக்கு உதவினார்.

ஏனெனில் அவர் அகுஸ்தினாரைப் போல் வழி தவறித் திரிந்தவராக அறியப்படுபவர் அல்லர். குலம், கல்வி, பக்தி மூன்றிலும் குறையில்லாத சூழலில் வளர்ந்தவர். இலக்கண இலக்கியங்களைக் கற்றுத் தேர்ந்து, 1853-இல் சாயர்புரத்துக் கிறிஸ்தவக் கல்விச்சாலையில் தமிழாசிரியராக அமர்ந்தார். அப்போது அவர் கிறிஸ்தவர் அல்லர். அவர் கற்பித்தது தமிழ்; அவரைச் சுற்றிலும் கேட்டதோ வேதம். தம்முடைய சமயத்தில் ஆழ்ந்த பற்றுடைய ஒருவர் அங்கே எப்படி இருந்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறோம். அவருடைய நண்பர் தனக்கோடி ராஜு என்பவர் கிறிஸ்தவ மறையைத் தழுவினார். அந்த நட்பும், அதன் வழியாக வந்த நூல்களும் கிருஷ்ண பிள்ளையின் உள்ளத்தில் போராட்டத்தை மூட்டின.

வைணவத்திலும் அருள் உண்டு, சரணாகதி உண்டு. எங்கள் தமிழ் ஆசிரியை இதைச் சொல்லித்தான் எங்கள் அவசரத் தீர்ப்பைத் தடுத்தார். தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்வது போல் இறைவன் அடியவனைக் காக்கிறான் என்பார் ஒரு சாரார். குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்வது போல் அடியவனே இறைவனைப் பற்ற வேண்டும் என்பார் மற்றொரு சாரார். ஆழ்வார்களும் நாயன்மார்களும் தம்மைத் தாழ்த்திப் பாடிய பாடல்களுக்குத் தமிழில் குறைவில்லை. ஆகவே பாவி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் பழக்கத்தை அவர் வெள்ளைக்காரக் குருமாரிடம்தான் கற்றார் என்று எண்ணுவது தவறு. அந்தச் சொல் ஏற்கெனவே அவர் வீட்டில் இருந்தது. அவர் புதிதாகக் கண்டது, அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டு அதற்காக உயிரைக் கொடுத்த ஒருவரை.

1858-ஆம் ஆண்டு அவர் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். எச்.ஏ. என்னும் எழுத்துகள் அப்போது பெற்ற பெயர்களின் முதலெழுத்துகள். வயது முப்பதை எட்டியிருந்தது. மணமாகிக் குடும்பம் உள்ளவர். அந்நாளில் அத்தகைய குடும்பத்தில் ஒருவர் மதம் மாறுவதென்றால் உறவும் ஊரும் அற்றுப்போகும் அபாயம் உண்டு. இதை ஒரு வரியில் எழுதிவிட்டோம். வாழ்ந்தவருக்கு அது ஒரு வரியாக இருந்திராது.

சென்னையில் தினவர்த்தமானி என்னும் இதழில் பெர்சிவல் குருவுக்கு உதவியாகப் பணியாற்றினார். மாநிலக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். பின்பு தென்னாட்டிற்கே திரும்பி மீண்டும் சாயர்புரத்திலும், அடுத்துத் திருநெல்வேலியிலும், முதுமையில் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் தமிழ்ப் பணி செய்தார். மனோன்மணீயம் இயற்றிய சுந்தரம் பிள்ளை பணிபுரிந்த கல்லூரி அது. வேலை, சம்பளம், இடமாற்றம் என்று மற்ற ஆசிரியர்களைப் போலவே அவர் நாள்களும் கழிந்தன. ஆனால் மேசைமேல் ஒரு பெரிய வேலை வளர்ந்துகொண்டிருந்தது.

அதுதான் இரட்சணிய யாத்திரிகம். இங்கிலாந்து தேசத்தில் ஜான் பனியன் என்று ஒருவர் இருந்தார். ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துப் பிழைத்தவர். அனுமதியின்றிப் போதித்தார் என்று 1660-இல் சிறையிலிட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே கிடந்தார். அவர் எழுதிய மோட்சப் பயணக் கதை 1678-இல் வெளிவந்து உலகெங்கும் பரவியது. (நம் திருத்தந்தையை ஒரு குகையில் கிடக்கும் கிழ அரக்கனாகக் காட்டும் பகுதி ஒன்றும் அதில் உண்டு. அதை நாங்கள் ரசிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.) அந்த உரைநடைக் கதையைத்தான் கிருஷ்ண பிள்ளை தமிழ்க் காப்பியமாக மாற்றினார். ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்கள், 3766 பாடல்கள். நற்போதகம் என்னும் மாத இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்து, 1894-இல் நூலாயிற்று. அப்போது அவருக்கு வயது 67.

கதையின் தொடக்கத்தில் ஒரு மனிதன் முதுகில் பெரிய சுமையோடு நிற்கிறான். கையில் ஒரு புத்தகம். அந்தப் புத்தகத்தை வாசிப்பதற்கு முன்பும் அவன் அந்த ஊரில்தான் இருந்தான். மற்றவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். வாசித்த பிறகே அவனுக்குச் சுமை தெரிகிறது. வீட்டாருக்கு அவன் பித்துப் பிடித்தவனாகத் தோன்றுகிறான். அவர்கள் முதுகில் ஒன்றும் இல்லையா, அல்லது இருப்பது தெரியவில்லையா என்பதை யோசித்தால் இரவில் தூக்கம் வராது.

சுமை என்றால் என்னவென்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கெங்கவல்லிப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் காலத்தில் ஆணும் பெண்ணும் மூட்டை சுமந்து வண்டியில் ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்திருக்கிறோம். சுமக்கும்போது அவர்கள் பேசுவதில்லை. இறக்கிய பின்பும் சிறிது நேரம் கழுத்து நிமிர்வதில்லை. பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் நிற்கும். இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைப் படுக்க வைத்திருப்பார்கள். பிள்ளைப்பேற்றுக்கு முன்பே வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை நடுவது வழக்கமாம். வழிப்போக்கர் மற்றவர் உதவியின்றித் தலைச்சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறலாம். ஆனால் புறப்படும்போது அதே சுமையை மீண்டும் தூக்கியாக வேண்டும். எங்கள் மாதாந்திரப் பாவசங்கீர்த்தனம் அந்தக் கல்லைப் போலத்தான் இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். குற்றம் அருட்சாதனத்தில் இல்லை, எங்களிடத்தில்.

பனியன் கதையில் அந்த மனிதன் சிலுவையின் அடியில் வந்து நின்றதும் சுமை தானாக அவிழ்ந்து விழுகிறது. உருண்டு உருண்டு ஒரு கல்லறையின் வாய்க்குள் போய் மறைந்துவிடுகிறது. அவன் மகிழ்கிறான், உடனே கண்ணீர் விட்டு அழுகிறான். சுமை போன பிறகு ஏன் அழ வேண்டும் என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை.

இந்தச் சிலுவைக் காட்சியைப் பனியன் சில பத்திகளில் முடித்துவிடுகிறார். கிருஷ்ண பிள்ளைக்கு அது போதவில்லை. குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் என்று ஒன்று அமைத்து, நம் ஆண்டவர் பிடிபட்டது, விசாரிக்கப்பட்டது, இகழப்பட்டது, அறையுண்டது ஆகியவற்றை விரிவாகப் பாடுகிறார். மூல நூலில் இல்லாத விரிவு இது. மொழிபெயர்ப்பவர் ஒருவர் தம் ஆசிரியரை மீறி ஓரிடத்தில் நின்றுவிடுகிறார் என்றால், அங்கே அவருக்குச் சொந்தமாக ஏதோ இருக்கிறது என்று பொருள். அந்தப் படலத்தில் அவர் சொல்லும் கருத்து ஒன்று எங்களை உலுக்கியது. ஆண்டவரைக் கட்டியிருந்தது கயிறு அன்று. கயிற்றை அறுப்பது அவருக்கு அரிதன்று. மக்கள்மேல் அவர் கொண்ட அன்பே அவரைக் கட்டியிருந்தது. அந்தக் கட்டிலிருந்து விடுபட அவரால் இயலவில்லை.

அக்கா அன்று விடுதியில் உரக்கப் படித்தது இதைத்தான். நாங்கள் கணக்கை விட்டுவிட்டுக் கேட்டதற்குக் காரணமும் உண்டு. அதை இங்கே எழுதுவதா வேண்டாமா என்று பலநாள் யோசித்தோம். எழுதாவிட்டால் இக்கட்டுரையில் உண்மை இராது.

அரையாண்டுக்கு முன்னால் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகள் இரண்டு உடைந்தன. உடைத்தவர்கள் நாங்கள் நால்வர். விளையாட்டில் கைபட்டு உடைந்தது. சில்லுகளை மூலையில் ஒதுக்கிவிட்டு வெளியேறினோம். எங்களுக்குப் பின் கடைசியாக அறையைப் பெருக்கிவிட்டு வந்தவள் எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தி. பச்சைமலை மேலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவள். விசாரணை வந்தபோது பழி அவள்மேல் விழுந்தது. நாங்கள் வாய் திறக்கவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை. குடுவைகளின் விலையை அவள் கட்டினாள். அந்தச் சனிக்கிழமை மற்ற விடுதிப் பிள்ளைகள் ஊருக்குப் போனார்கள், அவள் போகவில்லை. காய்ச்சல் என்று நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொண்டோம். அவள் கட்டியது பேருந்துக்காக அம்மா கொடுத்திருந்த பணம் என்பது பிறகு தெரிந்தது.

அந்த மாதமும் வரிசையில் நின்றோம். அந்த மாதமும் அதே நான்கு பாவங்களைச் சொன்னோம். குடுவையைச் சொல்லவில்லை. மறைத்தோம் என்பதுகூடச் சரியன்று. அதைப் பாவம் என்று எண்ணவே எங்களுக்குத் தோன்றவில்லை. அப்பாடா, தப்பித்தோம் என்ற நினைவே இருந்தது. கட்டுண்டவர் ஏன் கட்டுண்டு நின்றார் என்று அக்கா படித்த அன்றுதான், பதில் பேசாமல் நின்ற இன்னொரு முகம் நினைவுக்கு வந்தது.

அவளிடம் போய்ச் சொன்னோம். அழுதுகொண்டே சொன்னோம். அவள் தனக்குத் தெரியும் என்றாள். ஜன்னல் வழியாக அன்றே பார்த்தாளாம். நாங்கள் நால்வரும் சேர்ந்து தண்டனை பெற்றால் ஆண்டு விழா நடனம் கெட்டுப்போகும் என்று பேசாமல் இருந்தாளாம். இதைக் கேட்டபோது எங்களுக்கு ஏற்பட்ட உணர்ச்சியை எழுத எங்களுக்குத் தமிழ் போதவில்லை. அவளுக்குத் தெரியாது என்று எண்ணியிருந்தவரை எங்கள் கடன் இரண்டு குடுவையின் விலைதான். தெரிந்தே கட்டினாள் என்றறிந்தபோது அது அப்படி இல்லை. சுமை போன பிறகு அந்த மனிதன் ஏன் அழுதான் என்று கேட்ட தோழி, அன்று தன் கேள்வியை மறுபடியும் கேட்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்; உரியவரிடம் உண்மையையும் சொன்னோம். ஆனால் போகாத அந்தச் சனிக்கிழமையை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

இனிக் கிருஷ்ண பிள்ளையின் நூல்களின் பெயர்களைப் பாருங்கள். இரட்சணிய யாத்திரிகம், இரட்சணிய சமய நிர்ணயம், இரட்சணிய மனோகரம். இரட்சணியம் என்றால் மீட்பு. ஒரு மனிதர் தம் நூல்களுக்கு மீண்டும் மீண்டும் இந்த ஒரே சொல்லைச் சூட்டினார். குடியும் சூதும் கொலையும் என்று பேர்பெற்ற பாவியாக அவர் இருந்தாரில்லை. தமிழ் கற்பித்தார், கவி எழுதினார். எனினும் மீட்கப்பட்டவன் என்ற நினைவு முதுமை வரை அவரை விட்டு நீங்கவில்லை. போற்றித் திருஅகவல் என்ற நூலும் அவர் இயற்றியதே. மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் உள்ள பெயரைத் தழுவியது அது. போற்றி போற்றி என்று வாழ்த்தும் தமிழ் மரபைத் தம் மீட்பருக்குச் சூட்டி மகிழ்ந்தார். யாத்திரிகத்தின் நடுவிலும் கதையை நிறுத்திவிட்டுத் தேவாரம் பாடத் தொடங்கிவிடுவார். கதை வேகமாகப் போக வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு இது தடையாகத் தோன்றலாம். எங்களுக்கும் முதலில் தோன்றிற்று. நன்றி மிகுந்தவருக்குக் கதை சொல்ல ஓடாது போலும். அவருடைய தோத்திரப் பாடல்கள் சபை வேறுபாடின்றித் தமிழ்நாட்டுக் கோவில்களில் இன்றும் பாடப்படுகின்றன.

பாவசங்கீர்த்தனம் என்ற நம் பழைய சொல்லையும் இப்போது புதிதாகப் பார்க்கிறோம். ஒப்புரவு என்பதே இன்று வழக்கில் உள்ள நல்ல சொல். ஆனால் பழைய சொல்லுக்குள் சங்கீர்த்தனம் ஒளிந்திருக்கிறது. சங்கீர்த்தனம் என்றால் எடுத்துரைத்தல் மட்டுமன்று. புகழ்ந்து பாடுதலும் ஆம் என்று தமிழ் ஆசிரியை விளக்கினார். பாவத்தைச் சொல்லும் வாயும் பாடும் வாயும் ஒன்றே என்று நம் முன்னோர் எண்ணியிருக்க வேண்டும். உயிர்ப்புப் பெருவிழாவின் திருவிழிப்பில் பாஸ்கா திரியின் முன் பாடப்படும் புகழுரையிலும், இத்தகைய மீட்பரைப் பெற்றுத் தந்ததென்று ஆதாமின் குற்றத்தையே திருச்சபை வியந்து பாடுகிறது. சிறு வயதில் அந்த இடம் எங்களுக்கு விளங்கியதே இல்லை. பெரும்பாலும் அப்போது தூங்கிவிடுவோம்.

இரட்சணிய மனோகரம் 1899-இல் வெளிவந்தது. மறு ஆண்டு, 1900 பிப்ரவரி 3-ஆம் நாள், கிருஷ்ண பிள்ளை தம் யாத்திரையை முடித்தார். வயது 72.

நூல் முழுவதும் படித்தோம் என்று பொய் சொல்ல மாட்டோம். இரட்சணிய சரிதப் படலத்தை மட்டும் ஆசிரியை துணையுடன் மெல்ல மெல்ல வாசித்தோம். பெரிய வெள்ளிக்கு முந்திய புதன்கிழமை விடுதிச் சிற்றாலயத்தில் அதிலிருந்து பத்துப் பாடல்கள் வாசிக்க அனுமதி கிடைத்தது. யார் வாசிப்பது என்ற பேச்சு வந்தபோது எங்களுக்குள் போட்டி எழவில்லை. பச்சைமலைத் தோழியையே கேட்டுக்கொண்டோம். அவளுக்குச் சந்தி பிரித்துப் படிப்பதில் தயக்கம் உண்டு; இருந்தாலும் குரல் நன்றாக இருக்கும். அவள் வாசித்தாள். நாங்கள் நால்வரும் பின் வரிசையில் முழந்தாளிட்டிருந்தோம்.